தட்டிப் பார்க்கும் சாஸ்திரம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்க நினைக்கும் குடும்பத்தார், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படித்து, பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்றும் விசாரித்துத் திருப்தியடைந்த பிறகும், தலைக்கு மேலுள்ள தளத்தில் கம்பி எந்த ஸ்திதியில் இருக்கிறது என்று கேட்பது அபூர்வம். கிழக்கே வங்கக் கடலும் தெற்கே அடையாற்றின் கழிமுகமும் சூழ்ந்த இந்தப் பேட்டையில் அதுவே பிரதானமான கேள்வி என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதிய கான்கிரீட் மிகுந்த காரத் தன்மை உடையது. அந்தக் காரம் இரும்பின்மேல் மெல்லிய கவசம் ஒன்றை உண்டாக்கித் துருவை அண்டவிடாமல் காக்கிறது. வருஷங்கள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள கரியமிலவாயு உள்ளே புகுந்து காரத்தைத் தணிக்க, கடற்காற்றின் உப்பும் அக்கவசத்தைத் துளைக்க, கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. விற்பதற்கு முன் அடிக்கும் பெயின்ட், கம்பியின் போக்கிலேயே ஓடும் அந்தக் கீறலைச் சில மாதம் மறைத்து வைக்கும்.

மறைந்ததைக் கண்டறியப் பரிசோதகர் கொண்டுவரும் கருவிகளில் பிரசித்தமானது ரீபவுண்ட் ஹாமர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1948-இல் உருவாக்கிய இந்தக் கையடக்கக் குழலைப் பூச்சு நீக்கிய கான்கிரீட்டில் ஊன்றி அழுத்தினால், உள்ளே ஸ்பிரிங் விசையால் பாயும் சுத்தி மோதித் துள்ளும். துள்ளிய தூரம் ஓர் எண்ணாகத் தெரியும். கெட்டியான பரப்பில் துள்ளல் அதிகம்.

விசேஷம் இனிமேல்தான் இருக்கிறது. கம்பிக்கு ஆபத்தை விளைவிக்கும் அதே கரியமிலவாயு, கான்கிரீட்டின் மேற்பரப்பை இறுகவும் செய்துவிடுகிறது. ஆகையால் காரம் இழந்த பழைய தளம், அறியாதவர் கையில், உள்ளதைவிட உயர்ந்த எண்ணைக் காட்டி, "பலமாக இருக்கிறது" என்ற நற்சான்றிதழைப் பெற்றுவிடக் கூடும். இந்தக் கருவியின் கணிப்பு 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர விதியே சொல்கிறது.

வக்கீலுக்கு இருப்பதுபோல் வீட்டுப் பரிசோதகருக்கென்று தனி உரிமம் நம் நாட்டில் இல்லாதபடியால், அவருடைய ஞானத்தை வாங்குகிறவரே பரீட்சித்தாக வேண்டும். "சுத்தி காட்டும் எண்ணை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். விஷயமறிந்தவர், ஓரிடத்தில் சிறிது கொத்தி, அந்தப் புது உடைப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பதாகச் சொல்வார். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழத்தை அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதோடு அவர் ஒப்பிடுவார். சாதாரணச் சூழலில் தளக் கம்பிக்கு 15 மில்லிமீட்டர் மூடாக்கு போதும் என்று 1978-ஆம் வருஷத்து விதி அனுமதித்தது. 2000-ஆம் வருஷத்து விதியோ, கடலோரச் சூழலுக்கு ஆட்பட்ட கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. பழைய கட்டடத்தில் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்காதவரை நான் அமர்த்தமாட்டேன்.

மொட்டை மாடிக்கும், அனுமதி பெற்று மேல்வீட்டுக் குளியலறைக்கும் சென்று பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். நம் தளத்தில் அடிக்கும் ஓதம் பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்குகிறது.