குளம் தூர்ந்தால் கிணறு உவர்க்கும்

புங்குடுதீவு மடத்துவெளியில் ஆறு கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே மழைவெள்ளம் ஆறாக ஓடுவது வலிகாமத்து வழுக்கையாறு ஒன்றில்தான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலோடு சேர்ந்துவிடும். தீவகப் பெண்களாகிய எமக்கு ஆறும் ஓடையும் எல்லாமே குளமும் கேணியும்தான்.

குளத்து நீரை நாம் பெரும்பாலும் குடிப்பதில்லையே, பிறகு அதைத் திருத்தி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் கிணற்றில் தெரியும். எமது நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள் கடல்நீர் நிற்கிறது. குளத்திலிருந்து ஊறி இறங்கும் மழைநீர் பாரம் குறைந்தது. ஆதலால் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உவரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போய்விடும்!

1991 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது குளங்களையும் விட்டுத்தான் போனோம். தூர்வார ஆளில்லை. வாய்க்கால்கள் பற்றையால் மூடின. திரும்பி வந்தவர்களில் பலர் தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள். வேலணை சாட்டியிலிருந்து பவுசரில் வரும் தண்ணீருக்குக் காத்து நின்றால் அன்றைய கூலிவேலை போய்விடும்.

அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டிலுள்ள எம்மூரவரின் பணத்தாலும் ஊராரின் உழைப்பாலும் புங்குடுதீவில் குளங்கள் தூர்வாரப்பட்டு வருகின்றன. நல்ல காரியம். ஆனால் இயந்திரம் கிடைத்துவிட்டதே என்று ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனால் உவர் மேலே வந்துவிடும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்து விட்டால் அடுத்த மாரி அதைக் குளத்துக்குள் திரும்பவும் கொண்டுவரும். வாய்க்காலைத் துப்புரவாக்காத குளத்துக்கு வெள்ளம் எப்படி வந்து சேரும்?

இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் நாம். தேசவழமைப்படி சீதனக் காணியும் கிணற்றுப் பங்கும் பெண்ணின் பெயரில் இருக்கும். குளத்துக் கூட்டத்திலோ பெண் பின்வரிசையில் இருப்பாள், அல்லது தேநீர் ஊற்றுவாள். சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அயற்கிணறுகளில் எத்தனை முழத்தில் உவர் தட்டியது என்று கிணறு வெட்டிய முதியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருவன. கமநல சேவை நிலையத்தில் பெண்களும் போய்க் கேட்கலாம். ஐப்பசி மழைக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்க ஒரு நாள் சிரமதானம் போதும்.