வெயிலுக்கும் தள்ளும் சக்தி உண்டு!
விண்வெளியில் பாய் விரித்த பெங்களூர் செயற்கைக்கோள்

ஜீவனஹள்ளி மொட்டை மாடிகளில் கொடியில் காயும் வேட்டி காற்றில் படபடப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதன்மேல் விழும் வெயிலும் அந்த வேட்டியைத் தள்ளுகிறது என்றால் நம்ப முடிகிறதா? உண்மைதான். ஆனால் அந்த விசை, ஓர் அரிசி மணியின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இந்தச் சிறு விசைதான் இந்திய விஞ்ஞானிகளுக்கு ஒரு சமயம் பெரிய தலைவலியாக இருந்தது.

ஒளி பிறக்கும் விதம்

தெருக்களில் பல ஆண்டுகள் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கை எடுத்துக்கொள்வோம். அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்க முடியாது. மாடிப்படி போலக் குறிப்பிட்ட படிகளில்தான் இருக்க முடியும் என்று டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர் 1913-ல் கூறினார். எலெக்ட்ரான் வட்டப் பாதையில் சுற்றுகிறது என்ற அவரது கருத்து பிறகு மாறியது. படிக் கணக்கு நிலைத்துவிட்டது.

விளக்கில் மின்சாரம் பாய்ந்ததும் எலெக்ட்ரான் மேல் படிக்கு ஏறுகிறது. இறங்கும்போது, வாங்கிய சக்தியை ஒளித் துணுக்காக வெளியே விடுகிறது. அதுவே போட்டான். அதற்கு எடை கிடையாது. ஆனால் மோதினால் தள்ளும்! ரஷ்ய விஞ்ஞானி லெபடேவ் 1901-ல் இதைச் சோதனை மூலம் காட்டினார்.

விரியாத பாய்

இன்சாட் கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. முதல் இன்சாட் கோள்களில், வானிலைக் கருவி குளிர்ச்சியாக இருப்பதற்காக, ஒரு பக்கம் மட்டுமே சூரியத் தகடு வைத்தார்கள். ஒரு தட்டில் மட்டும் எடை வைத்த தராசு போல, வெயில் தள்ளத் தள்ளக் கோள் சாயும். அதைச் சமன் செய்ய, மறுபக்கம் நீண்ட கம்பத்தின் நுனியில் ஒரு 'சூரியப் பாய்' பொருத்தப்பட்டது.

அமெரிக்காவில் தயாரான இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரல் 10-ல் ஏவப்பட்டது. பாய் விரியவில்லை. கோளை நேராக நிறுத்த எரிபொருள் செலவாயிற்று. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. ஏழு ஆண்டு உழைக்க வேண்டிய கோள், எரிபொருள் தீர்ந்து, ஐந்தே மாதத்தில் கைவிடப்பட்டது.

நம்மூரில் செய்த கோள்

அடுத்த தலைமுறைக் கோளை நாமே செய்தோம். ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், விமானபுராவில் உள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தில் உருவான இன்சாட்-2ஏ, 1992 ஜூலை 10-ல் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பியது. அதற்கும் பாய் உண்டு. இம்முறை பாய் விரிந்தது! ஊரில் இருக்கும் உறவினர்களை எண்ணிக் கவலைப்படும் புயல் நாட்களில், வங்கக் கடலின் மேகப் படங்களை எடுக்க இத்தகைய கோள்களே உதவின.

ஒளியில் ஓடும் கப்பல்

இங்கே வெயில் கோளை நேராக நிறுத்த உதவியது. ஜப்பான் 2010-ல் வெயிலைக் கொண்டே வண்டி ஓட்டிக் காட்டியது. 14 மீட்டர் சதுரப் பாயுடன் சென்ற 'இகாரோஸ்', அந்த ஆண்டு டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தைக் கடந்தது.

ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கண்ணாடி போன்ற பாய் விரித்தாலும், வெயில் தள்ளுவது ஒரு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவாகத்தான். ஆனால் விண்வெளியில் தடுக்கக் காற்று இல்லை. எரிபொருள் தீரும் பயமும் இல்லை. வேகம் சிறுகச் சிறுகக் கூடிக்கொண்டே போகும். சிறு துளி பெருவெள்ளம் என்பது ஒளிக்கும் பொருந்தும்!