நெல்லின் இலைக்கருகலும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில், பெரியாறு வைகைப் பாசனத்துக்குட்பட்ட வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் நெற்பயிரைத் தாக்கக்கூடிய வியாதிகளுள் பாக்டீரியா இலைக்கருகலும் ஒன்று. இலையின் நுனியிலும் ஓரங்களிலும் தோன்றும் மஞ்சள் நிறம் அலையலையாய்க் கீழிறங்கி, வைக்கோல் நிறமாய்க் காயும். பூசண வியாதியோ என ஐயுறுவோர், நோயுற்ற இலையைக் குறுக்கே நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்கலாம். வெட்டுவாயினின்று பால்போன்ற கசிவு இறங்குமாயின் இந்நோயே எனக் கொள்க.

இதற்கென ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைத் தாமிர மருந்தோடு தெளிப்பது குடியானவர்களிடையே நெடுநாளைய வழக்கம். கிருமியின் உடலுள் புரதங்களைக் கோத்துத் தரும் ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒட்டிக்கொண்டு, கோப்பில் பிழை புகுத்துகின்றது. பழுதுற்ற புரதங்களால் கிருமி மடியும். மருந்து ஒட்டும் இடத்தை 2000-இல் அணுவணுவாகத் துலக்கிக் காட்டிய குழுவின் தலைவர், சிதம்பரத்திற் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன் ஆவார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக அவர் 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அவ்விடத்தை ஒட்டியுள்ளது எஸ்12 என்னும் புரதம். ஏறத்தாழ 124 அமினோ அமிலங்களாலான அதில், 43-ஆவது அல்லது 88-ஆவது இடத்து லைசின் அர்ஜினினாக மாறினாலே மருந்து பலிக்காது. எஷரிச்சியா கோலி என்னும் குடற்கிருமியில், இந்த 88-ஆவது லைசினுக்கு அடுத்த அமிலத்தின்மேல் கந்தகம் சேர்ந்த சிறு தொகுதியொன்றை நொதி ஒன்று ஒட்டவைப்பது 2008-இல் விளங்கிற்று. இவ்விரு மாறுதல்களையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நொதி செய்வது, நெசவான துணிக்குச் சாயமிடுவதை ஒக்கும். லைசின் மாறுவதோ வித்திலேயே நேர்ந்த பேதமாதலின் சந்ததிக்கு இறங்கும். மருந்து தெளிக்குந்தோறும் மற்றக் கிருமிகள் மடிய, இவ்வகையே எஞ்சிப் பெருகும்.

நஷ்டம் வயலோடு நில்லாது. 1943-இல் கண்டெடுக்கப்பட்ட இம்மருந்தே காசநோயைத் தணித்த முதல் மருந்து, மனிதர்க்கு வேண்டியது. பயிருக்கு இவ்விரு மருந்துகளையும் தடுக்கும் வரைவு ஆணையை மத்திய விவசாய அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. அது தக்கதே என்பது எமது அபிப்பிராயம்.

மருந்தின்றியும் செய்யக்கூடியன பல. நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கம் கிருமிக்கு வாயில் திறந்துவிடுவதாகும், அதனை விடுக. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாது பிரித்திடுக. நோய் தலைகாட்டியதும் நூற்றுக்கு 20 வீதம் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளித்து, இரு வாரம் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். சம்பா மசூரி விரும்புவோர்க்கு, ஹைதராபாத்தில் மூன்று எதிர்ப்பு ஜீன்கள் சேர்த்து உண்டாக்கி 2008-இல் வெளியிடப்பெற்ற மேம்பட்ட சம்பா மசூரி உண்டு.

நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாயவிடலாகாது. மடைமுறையில் இதற்கு இடமுண்டாக்கிக் கொடுப்பது கிராம உத்தியோகஸ்தர்களால் ஆகக்கூடிய காரியம்.