வஸிய்யத்தும் நீதிமன்றமும்



கப்ரின் ஈரம் காயுமுன்னரே பிள்ளைகள் வக்கீலைத் தேடி ஓடும் அவலத்தை இன்று பல குடும்பங்களில் காண்கிறோம். மர்ஹூம் விட்டுச்சென்ற வஸிய்யத்தே பெரும்பாலும் வழக்கிற்குக் காரணமாகிறது. அதனை நம் நாட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு அணுகுகின்றன?

முதலாவதாக, அது மெய்யாகவே சொல்லப்பட்டதா என்று பார்க்கின்றன. 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பிறருக்கு விதித்துள்ள இரு சாட்சிகளின் கையொப்பம் முஸ்லிம்களின் உயிலுக்குக் கட்டாயமில்லை. மரணத்திற்குச் சற்று முன் எழுதப்பட்ட கடிதத்தையே வஸிய்யத்தாக 1898இல் பிரிவி கவுன்சில் ஏற்றது. வாய்மொழியும் செல்லும். ஆயினும் அதனை ஐயமற நிரூபிப்பது உரிமை கோருபவரின் பொறுப்பாகும். நீதமான இருவரைச் சாட்சியாக்குமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் 106ஆம் வசனம் அறிவுறுத்துவதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

இரண்டாவதாக, பத்திரத்தின் தலைப்பை அல்ல, உட்கருத்தையே ஆராய்கின்றன. ‘தானம்’ என்று எழுதியிருப்பினும், எழுதியவரின் மரணத்திற்குப் பின்னரே உரிமை சேரும் என்றிருந்தால் அது வஸிய்யத்தாகவே கருதப்படும்.

மூன்றாவதாக, ஷரீஅத்தின் வரம்பைப் பார்க்கின்றன. செல்வம் முழுவதையும் வஸிய்யத் செய்ய விரும்பிய ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கையே அனுமதித்தார்கள். அதுவும் அதிகமே என்றார்கள்.

ஓர் உதாரணம்: ஒருவர் 13 லட்சம் ரூபாய் விட்டுச்செல்கிறார். அடக்கச் செலவும், மனைவியின் மஹர் பாக்கி உள்ளிட்ட கடனும் 1 லட்சம். மீதம் 12 லட்சம். மகன் உயிரோடிருக்கையில், முன்பே இறந்துபோன இன்னொரு மகனின் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு கிடையாது. அந்த யத்தீம் பேரனுக்கு 6 லட்சம் என்று பாட்டனார் எழுதியிருந்தால் 4 லட்சம் செல்லும். எஞ்சிய 2 லட்சம் வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே கிடைக்கும்.

ஆனால் அவர், பெண்மக்களை ஒதுக்கிவிட்டு வாரிசான மகனுக்கே வீட்டை எழுதியிருந்தால்? மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை ஸுன்னத் வல்ஜமாஅத்தினரிடையே அது செல்லாது. அந்தச் சம்மதமும் அவரது மவுத்திற்குப் பின் தரப்பட்டதாக இருக்க வேண்டும். தந்தை உயிரோடிருக்கையில் அவருடைய முகத்திற்காகப் பெண்மக்கள் போட்ட கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அன்பர்களே! அல்லாஹ் பங்கு வகுத்துவிட்ட மகளின் உரிமையைப் பறிக்க வஸிய்யத் தரப்படவில்லை. பங்கில்லாத யத்தீம் பேரனை அரவணைக்கவே அது உதவ வேண்டும். நாவும் அறிவும் தெளிவாக இருக்கும்போதே, ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் நீதிமன்ற வாசலில் பகைவர்களாக நிற்காதவாறு வல்ல ரஹ்மான் காத்தருள்வானாக! ஆமீன்.