தோட்டம் கைமாறும் முன் கேட்டு வைக்க வேண்டியவை

தோட்ட வீடு வேலையோடு சேர்ந்து வருவது. வேலை நின்றால் வீடும் கையை விட்டுப் போகும். நெகிரி செம்பிலானில் மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்களுக்கும் இதுதான் நிலை. சிரம்பான் பக்கம் பண்டார் எய்ன்ஸ்டேல், பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று எழும்பி நிற்பவை ஒரு காலத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு ஆள் கூடிய தோட்டங்கள். அடுத்து எந்தத் தோட்டம் என்ற செய்தி லயத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.

வேலையில் இருக்கும் வரை உங்களுக்குத் துணை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவதும், போதிய மின்சாரம் தருவதும், பழுது பார்ப்பதும் முதலாளியின் கடமை. 2020 ஜூன் 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். இல்லையேல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். கூரை ஒழுகுவதை மண்டோரிடம் வாயால் சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். வீட்டு எண், தேதி, படம் சேர்த்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அந்த நகலோடு சிரம்பான் லேபர் ஆபீசுக்குப் போங்கள்.

தோட்டம் மூடப்பட்டு வேலை நிறுத்தப்பட்டால் 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிகள் பேசும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் சம்பளம் வரும். 8 வார முன்னறிவிப்பும் வேண்டும். ஆனால் அந்த விதிகளில் வீடு என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் வீட்டைத் தனியாக, முன்கூட்டியே, எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. தொகையோடு நீட்டப்படும் தாளில் வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்டால் கிடைக்குமா என்றால், சிலாங்கூரின் ஐந்து தோட்டங்களைப் பாருங்கள். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, சங்காட் ஆசா தோட்டங்களின் 245 குடும்பங்கள் இருபதாண்டுக்கும் மேலாகத் தரை வீடு கேட்டுப் போராடின. மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்கி, திட்டம் தொடங்கியது 2023-இல்தான். அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது அநியாயம். ஆனால் அவர்கள் கலையாமல் ஒன்றாக நின்றார்கள்.

கேட்க வேண்டிய நேரம் நிலம் கைமாறுவதற்கு முன். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதும் மாநில அரசின் அதிகாரம். அந்த ஒப்புதல்களுக்கு முன்பே உங்கள் மனு சிரம்பானில் மாநில அரசிடம் இருந்தால், வீட்டை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வழி உண்டு. மண் தோண்டத் தொடங்கிய பிறகு கேட்பது பெரும்பாடு.

எப்படிப்பட்ட வீடு என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள். விலை குறைந்த வீடு வெயிலில் கொதித்தால், மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் தெனாகாவுக்குப் போகும். விசிறி ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் ஏறக்குறைய 18 யூனிட். சின்ன ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் அது 180 யூனிட்டைத் தொடும். தரை வீட்டில் பெரும்பாலான வெப்பம் கூரை வழியாகத்தான் இறங்குகிறது. கூரைக்குக் கீழே பளபளக்கும் அலுமினியத் தாள் விரிக்கச் சொல்லுங்கள். தாளுக்கும் கூரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி அடித்துவிட்டால் பயன் பெரும்பாலும் போய்விடும். கட்டும்போதே செய்தால் செலவு குறைவு; பிறகென்றால் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். வெளிர்நிறக் கூரையும் கைகொடுக்கும். தெலங்கானா அரசு 2023-இல் இதையே கொள்கையாக்கி, ஏழைகளுக்கான அரசு வீடுகளையும் அதில் சேர்த்தது. வரிசை வீடுகளின் முன்பக்கமும் பின்பக்கமும் வடக்கு தெற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் சுவரில் நேராக அடிக்காது.

ஜன்னலுக்குச் சட்டமே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபசட்டப்படி அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல் வேண்டும். 5 விழுக்காடு காற்றுக்குத் திறக்க வேண்டும். 100 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி ஜன்னல், அதில் பாதி திறப்பு. குடியேறிய பிறகு பின்பக்கம் ஜிங்க் போட்டுச் சமையலறையை நீட்டுகிறோமே, அங்கேதான் பலரும் தங்கள் காற்றைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். பழைய லயத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

வீடு வாங்க ஊழியர் சேமநிதியின் செஜாதெரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். சொந்த நிலம் உள்ளவர்களுக்கு ரூமா மெஸ்ரா ராக்யாட் திட்டம் உண்டு; தோட்ட மக்களுக்கு அந்த நிலம்தான் இல்லை.

லைசென்ஸ் பெற்ற மேம்பாட்டாளரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய வீட்டில், சாவி கிடைத்த 24 மாதத்துக்குள் வரும் விரிசலையும் ஒழுகலையும் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். எழுதிக் கொடுத்து 30 நாள் ஆகியும் செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 10 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை. ஒப்பந்தமே இல்லாமல் சாவியை மட்டும் கொடுத்தால் இந்த வழி அடைபடும். அதனால் கிராண்ட் யார் பெயரில், எப்போது கைக்கு வரும் என்பதை எழுதி வாங்கிய பிறகே பழைய வீட்டைக் காலி செய்யுங்கள்.