விண்குப்பை அகற்றல்: பிடித்தலும் தாழ்த்தலும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி3 ஏவூர்தியின் இறுதிக்கட்டம், அவ்வாண்டு டிசம்பரில் சுற்றுப்பாதையில் வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. வலை, ஈட்டி, காந்தம், இயந்திரக் கை ஆகிய பிடிப்பு முறைகள் முழுப்பொருளையே இலக்காகக் கொள்வன. சிதறல்களைத் திரட்ட அவை உதவா. ஆகவே உடையும் முன்னரே அகற்ற வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு: பிடித்து இறக்குதல், தானே இறங்கச் செய்தல்.

பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவூர்தியின் இறுதிக்கட்டமான போயம்-4 (2024 டிசம்பர் 30) இவ்விரண்டிற்கும் களமாயிற்று. கயிற்றால் பிணைத்த குப்பையின் அசைவை முன்கணித்துப் பற்றும் சோதனைக்கென, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயந்திரக் கை அதில் பொருத்தப்பட்டது. அக்கட்டமும் 350 கி.மீ. உயரத்திற்குத் தாழ்த்தப்பட்டு, வெடிப்புக்கு இடந்தரும் எஞ்சிய எரிபொருள் வெளியேற்றப்பட்டு, 2025 ஏப்ரல் 4 அன்று வளிமண்டலத்துள் புகுந்தது.

சுழலும் பொருளைத் துரத்திப் பற்றுவதினும் இறங்குவழியை முன்பே வகுத்தல் எளிது. பிடிப்புக் கருவிகள், அவ்வாறு வகுக்கப்படாது கைவிடப்பட்டவற்றுக்கே உரியன.