நாற்காலிக்கு ஒரு சட்டை

மரச்சட்டம் உறுதியாக இருக்கும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளும் பஞ்சும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். ஆயினும் மேல்துணி நைந்து, கைகள் அழுக்கேறிப்போன ஒரே காரணத்தால் எத்தனையோ மெத்தை நாற்காலிகள் பழைய பொருள் வாங்குவோரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. பழந்துணியைப் பிரித்தெடுத்துப் புதுத்துணி அறைவது தேர்ந்த தொழிலாளியின் வேலை. அதற்குரிய கூலியைக் கேட்டதும், புதிய நாற்காலியே வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வீட்டாருக்கு எழுவது இயற்கை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய துணியை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் கழற்றி மாட்டக்கூடிய உறை ஒன்றைத் தைத்து அணிவிப்பதே அவ்வழி. தலையணை உறையும் நேரான ஓரத்தையலும் தைக்கப் பழகிய ஒருவர், விடுமுறை நாள்கள் சிலவற்றில் இதை முடித்துவிட இயலும்.

கழற்றி மாட்டும் உறை புதிய கண்டுபிடிப்பன்று. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செல்வர் மாளிகைகளில் பட்டும் வெல்வெட்டும் போர்த்திய நாற்காலிகள் இருந்தன. வெயிலும் தூசும் அவற்றைக் கெடுக்காதிருக்கக் கட்டம் போட்ட எளிய லினன் அல்லது பருத்தி உறைகளை மாட்டி வைத்தனர். சிறப்பு விருந்தினர் வரும் நாளில் மட்டும் கழற்றினர். அந்நாளைய இங்கிலாந்தின் வீட்டு அலங்காரத்தில் இந்தியப் பருத்திக்குப் பெரும் இடம் இருந்தது. கோழிக்கோட்டின் பெயரால் 'காலிகோ' என்றழைக்கப்பட்ட துணியும், சோழமண்டலக் கரையில் சாயமிட்டு எழுதப்பட்ட 'சின்ட்ஸ்' என்னும் பூந்துணியும் கப்பல் கப்பலாகச் சென்றன. சலவைக்கு மங்காத அவற்றின் நிறம் ஆங்கிலேயரைக் கவர்ந்தது; அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளரோ கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1721இல் இயற்றப்பட்ட சட்டம், அச்சிட்ட காலிகோவை ஆடையாக அணிவதோடு வீட்டு இருக்கைகளுக்குப் பயன்படுத்துவதையும் தடை செய்தது. 1774இல்தான் இங்கிலாந்திலேயே செய்யப்பட்ட பருத்தித் துணிக்கு அத்தடை நீங்கியது. ஒரு நாற்காலிக்கு எந்தத் துணி போர்த்துவது என்பது நாடாளுமன்றம் வரை சென்ற செய்தி என்பதை இன்றைய தையற்காரர் பலர் அறியார்.

கத்தரிக்கு முன்

உறை தைப்பது என்றவுடன் எந்திரத்தின் முன் அமர்ந்து ஓட்டுவதே கண்முன் வருகிறது. உண்மையில் எந்திரத்தின் வேலை இதில் மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் நேர்க்கோடு. வெட்டுவதற்கு முன்பு செய்யும் வேலையில்தான் உறை உருவாகிறது. தையல் தவறினால் பிரித்து மீண்டும் தைக்கலாம். குறைத்து வெட்டிய துணியை நீட்ட வழியில்லை.

முதலில் நாற்காலியைத் தனித்தனித் தளங்களாகக் காண வேண்டும். உள்முதுகு, வெளிமுதுகு, இருக்கை, இரு கைகளின் உட்புறமும் வெளிப்புறமும், கைகளின் முன்முகப்பு ஆகியவை அத்தளங்கள். இருக்கையின் மீது தனி மெத்தை இருப்பின் அதற்கு வேறு உறை. பழைய துணியிலுள்ள தையற்கோடுகளே இப்பிரிவைக் காட்டிவிடும். முன்பு தைத்த தொழிலாளி எங்கே இணைத்தாரோ, அங்கேயே இணைப்பது புதியவருக்குப் பாதுகாப்பானது.

அளவெடுப்பதில் புதியவர் பெரும்பாலும் தவறவிடுவது செருகுதுணி. இருக்கையும் முதுகும் சேரும் இடத்திலும், இருக்கையும் கைகளும் சேரும் இடங்களிலும் ஆழமான இடுக்கு ஒன்று இருக்கும். சில்லறைக் காசும் சீப்பும் காணாமற்போகும் இடம் அதுவே. ஒருவர் அமரும்போது இருக்கை அமிழ்கிறது. அப்போது மேலுறைக்குக் கூடுதல் துணி தேவைப்படுகிறது. அத்துணி இடுக்கில் செருகப்பட்டிருந்தால் தேவையான அளவு வெளிவந்து இசைந்து கொடுக்கும். இல்லையெனில் தையல் தெறிக்கும். அல்லது ஒவ்வொரு முறை எழும்போதும் உறை உருவிக்கொண்டு வரும். ஆகவே இடுக்கில் சேரும் ஒவ்வோர் ஓரத்துக்கும் 4 அங்குலம் கூடுதலாக விடுவது நன்று.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். கைகளுக்கு இடையே இருக்கையின் அகலம் 20 அங்குலம். முதுகிலிருந்து முன்விளிம்பு வரை 22 அங்குலம். முன்விளிம்பிலிருந்து கீழ்வரை 13 அங்குலம் எனக் கொள்வோம். அகலத்தில் இருபுறமும் செருகுதுணிக்கு 8, தையலுக்கு 2 எனச் சேர்த்தால் 30 அங்குலம் ஆகிறது. நீளத்தில் 22உம் 13உம் சேர்ந்து 35. செருகுதுணி 4, தையலுக்கு 1, கீழ்மடிப்புக்கு 2 எனச் சேர்த்தால் 42 அங்குலம். உட்காரும் பரப்பு 440 சதுர அங்குலமே. அதற்கு வெட்ட வேண்டிய துணியோ 1260 சதுர அங்குலம். கண்ணளவை நம்பித் துணி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

இவ்வாறு எல்லாத் துண்டுகளையும் கணக்கிட்டு, ஒரு தாளில் பன்னாவின் அகலத்துக்குள் அவற்றை வரைந்து பார்த்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். தனி மெத்தையுடன் கூடிய நடுத்தர நாற்காலி ஒன்றுக்கு 54 அங்குலப் பன்னாவில் ஏறத்தாழ 5 மீட்டர் தேவைப்படும். அதே உறைக்கு 36 அங்குலப் பன்னாவில் ஏழரை மீட்டருக்குக் குறையாது. பெரிய துண்டுகள் அதில் அடங்காமல் வீணாவதால் மேலும் கூடலாம்.

துணித் தேர்வில் ஆசைக்கு இடம் கொடாமலிருப்பது முதல் முயற்சிக்கு நல்லது. நெருக்கமாக நெய்த, நடுத்தரத் தடிப்புள்ள, ஒரே நிறப் பருத்தித் துணியே தக்கது. கரூரில் நெய்யப்படும் திரைச்சீலை, விரிப்பு வகைகளில் இத்தகைய துணி எளிதாகக் கிடைக்கும். கோடும் கட்டமும் கண்ணுக்கு இனியவை. ஆனால் முதுகின் கோடும் இருக்கையின் கோடும் ஒரே நேரில் இறங்காவிட்டால் அக்குறை அறைக்குள் நுழையும் எவருக்கும் முதலில் தெரியும். பெரிய பூவேலைப்பாட்டிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பவானி ஜமக்காளம் நாற்காலிக்கு அழகாகவே இருக்கும். எனினும் அதன் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டுத் தையல் எந்திரத்தின் ஊசி முறிந்துவிடும்.

வாங்கிய துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்த வேண்டும். பருத்தித் துணி முதற்சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது இயல்பு. நான்கு பங்கு எனக் கொண்டால்கூட, மேலே கண்ட 42 அங்குலத் துண்டு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். நனைக்காமல் தைத்த உறை முதல் முறை துவைத்ததும் நாற்காலியின் கழுத்துக்கு மேல் ஏறாமல் நிற்கும்.

தட்டையும் வளைவும்

துணி தட்டையானது, நாற்காலியோ வளைவுகளால் ஆனது. இவ்விரண்டையும் பொருத்துவதே இவ்வேலையின் நுட்பம். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் பரப்பினால் அது கிழியாமல் தட்டையாவதில்லை. தாளைச் சுருட்டி உருளை ஆக்கலாம், கூம்பு ஆக்கலாம். ஆனால் கசங்காமலும் மடியாமலும் பந்தின்மீது போர்த்த முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் பிரீட்ரிக் காஸ் இதற்குரிய காரணத்தைக் கணித வழியில் நிறுவினார். தையற்காரர்கள் அவருக்கு நெடுங்காலம் முன்பே இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். சட்டையின் தோளிலும் ரவிக்கையின் மார்பிலும் அவர்கள் பிடிக்கும் சிறு மடிப்புகள் இதற்கான விடையே.

நாற்காலியின் கையின் மேற்புறம் உருளை போன்றது. துணி அதன்மேல் தடையின்றி வளையும். கையின் முன்முனையும் முதுகின் மேல்மூலைகளும் பந்தின் இயல்புடையவை. அங்கே துணி மிஞ்சும். அம்மிச்சத்தைச் சிறு மடிப்புகளாகப் பிடித்தோ, சுருக்கு வைத்தோ, தனி முகப்புத் துண்டு ஒன்றை இணைத்தோ அடக்க வேண்டும். புதியவருக்கு முகப்புத் துண்டே எளிது. மடிப்புகள் இரு கைகளிலும் ஒன்றுபோல் அமைவது அரிது.

இதனால்தான் உறையை மேசைமீது வெட்டாமல் நாற்காலியின்மீதே வெட்ட வேண்டும் என்கின்றனர் தொழிலறிந்தோர். அளவுநாடா துண்டுகளின் ஏறத்தாழமான அளவையே தருகிறது. உண்மையான வடிவத்தை நாற்காலியே தருகிறது. முதலில் காடாத்துணியையோ பழைய படுக்கை விரிப்பையோ அளவுக்குச் சற்றுப் பெரிதாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு தளத்தின்மீதும் விரித்துக் குண்டூசியால் பொருத்த வேண்டும். துணியின் பாவு இழை முதுகில் மேலிருந்து கீழாகவும், இருக்கையில் பின்னிருந்து முன்னாகவும் ஓட வேண்டும். இழை சாய்ந்தால், சில நாள்களில் உறை ஒருபுறமாக முறுக்கிக்கொண்டு தொங்கும். உள்முதுகையும் வெளிமுதுகையும் முதலில் இணைத்து, பின் இருக்கை, அதன்பின் கைகளின் உட்புறம், வெளிப்புறம், முகப்பு என்னும் வரிசையில் செல்வது வசதியானது. அடுத்தடுத்த துண்டுகளின் ஓரங்களைச் சேர்த்து, தையல் வரும் கோட்டில் நெருக்கமாக ஊசி குத்தி, அக்கோட்டைச் சாக்கட்டியால் வரைய வேண்டும். செருகுதுணி முதுகின் அடியில் 4 அங்குலமாகத் தொடங்கி, கையின் முன்முனைக்கு வரும்போது படிப்படியாகக் குறைந்து மறைய வேண்டும். அங்கே இடுக்கு இல்லை.

இந்நிலையில் பலர் துணியின் உட்புறம் வெளியே தெரியுமாறு விரித்துப் பொருத்துகின்றனர். ஊசி குத்திய கோட்டிலேயே தைத்துவிடலாம் என்பது அதன் வசதி. ஆனால் தைத்த உறையைத் திருப்பி மாட்டும்போது இடக்கைக்குத் தைத்தது வலக்கைக்கு வந்து சேரும். புதிய நாற்காலிக்கு இதனால் இழப்பொன்றுமில்லை. ஒருவரே பல்லாண்டு அமர்ந்து பழகிய நாற்காலியோ இருபுறமும் ஒத்திருப்பதில்லை. அவர் ஊன்றி எழுந்த கை அமுங்கியிருக்கும். சாய்ந்த பக்கம் பஞ்சு தணிந்திருக்கும். அத்தகைய நாற்காலிக்குத் துணியின் மேற்புறம் வெளியே இருக்குமாறு பொருத்தி, தையற்கோட்டை இரு துண்டுகளின் உட்புறத்திலும் வரைந்துகொண்டு, ஊசிகளை எடுத்துத் திருப்பிக் குத்தித் தைப்பதே முறை. வேலை இருமடங்கு; ஆயினும் உறை அந்த நாற்காலிக்கே உரியதாக அமையும். கடையில் விற்கும் இழுவைத்துணி உறைகள் எந்த நாற்காலிக்கும் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டவை. ஆதலால் எந்த நாற்காலிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

தைத்தல்

காடாத்துணித் துண்டுகளைப் பிரித்து, வரைந்த கோட்டுக்கு வெளியே தையலுக்கு 1 அங்குலம் இருக்குமாறு ஒழுங்குபடுத்தி, அவற்றை வார்ப்பாகக் கொண்டு நல்ல துணியை வெட்டலாம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதன் பெயரையும் மேல்திசையையும் எழுதி வைக்காதவர், ஒரே மாதிரித் தோன்றும் பத்துத் துண்டுகளின் நடுவே அரைநாள் திகைக்க நேரும்.

தடித்த துணிக்கு எந்திரத்தில் 16ஆம் எண் ஊசி ஏற்றது. அங்குலத்துக்கு எட்டுத் தையல் போதும். மிக நெருங்கிய தையல் துணியை அஞ்சல் தலையின் ஓரம்போல் துளைத்து வலுவிழக்கச் செய்யும். முதலில் கையால் ஓட்டுத்தையல் இட்டு, உறையை ஒருமுறை நாற்காலிக்கு மாட்டிப் பார்த்து, தொளதொளப்பையும் இறுக்கத்தையும் திருத்திய பின்னரே எந்திரத்தையல். பல மடிப்புகள் சேரும் இடத்தில் காலால் மிதிப்பதையோ மோட்டாரையோ நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக் கடக்க வேண்டும். வளைவான தையலில், உள்ளே இருக்கும் துணியைத் தையலுக்குச் சற்று முன்வரை சிறு சிறு வெட்டுகளாகக் கத்தரித்தால் வளைவு சுருங்காமல் படியும். பின் அவ்வோரங்களை அரை அங்குலமாகக் குறைத்து, இழை பிரியாதபடி ஓவர்லாக்கோ வளைவுத் தையலோ இட வேண்டும்.

தோள் அகன்று அடி குறுகிய நாற்காலிக்கு உறையை மேலிருந்து மாட்ட ஒரு திறப்பு தேவை. பின்முதுகின் ஒரு மூலையைக் கீழிருந்து முக்கால் பங்கு தைக்காமல் விட்டு, அங்கே ஜிப் வைக்கலாம். நாடா வைத்துக் கட்டுவது அதனினும் எளிது. ஜிப் அளவில் சிறு பிழையையும் பொறுப்பதில்லை. நாடாவோ அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் இழுத்துக் கட்டினால் அடங்கும்.

மாட்டிய பின் செருகுதுணியைக் கைவிரல்களால் இடுக்கினுள் தள்ளி, அதன்மேல் இறுகச் சுருட்டிய செய்தித்தாளை வைத்து அழுத்தினால் அது வெளிவராது. துவைத்த உறையை முற்றிலும் காயவிடாமல், சிறிது ஈரம் இருக்கும்போதே மாட்டிக் கையால் நீவிவிடுவது வழக்கம். நாற்காலியின்மேலேயே உலரும் துணி அதன் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும், இஸ்திரிப் பெட்டிக்கு வேலை இராது. அது நன்கு உலரும்வரை யாரும் அதில் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும்.